பதினேழாம் பாத்தியின் பச்சை

எங்கள் வீட்டில் ஒரு மக்காச்சோளச் செடிக்குக் கிடைத்த மரியாதை எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. இதை நான் பொறாமையில் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பொறாமையும் இருக்கிறது. காலையில் கண் விழித்ததும் என் நாத்தனார் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணி, மழை பெஞ்சுதா?" என்பதுதான். அண்ணி தூங்கினாளா, அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை வராது. மழை பெய்தால் அந்தச் செடி நிற்கிற பதினேழாம் பாத்தியில் தண்ணீர் தேங்குமே, அந்தக் கவலை அவளுக்கு.

அவளை வீட்டில் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். நாற்பதை நெருங்குகிறாள், முன்தலையில் நரை எட்டிப் பார்க்கிறது, இன்னும் குட்டிதான். என் கணவருக்கு ஒரே தங்கை. நான் கல்யாணமாகி வந்த புதிதில் பள்ளிக்கூடப் பையோடு வந்து நின்று, "அண்ணி, உங்களுக்குக் கணக்கு வருமா?" என்று கேட்டவள். வரும் என்று சொன்ன பாவத்துக்கு அவளுடைய வீட்டுப்பாடம் மொத்தமும் என் தலையில் விழுந்தது. இப்போது அவள் டாக்டர் பட்டம் வாங்கி, பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி. நான் அதே நிலையத்தின் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அவள் வயலிலிருந்து மண்ணும் இலையும் வரும், நான் சோதித்து எண் கொடுப்பேன். ஆக, அந்த வீட்டுப்பாடம் இன்னும் முடிந்தபாடில்லை.

அவளுடைய ஆராய்ச்சி என்ன என்று யாராவது கேட்டால் அவள் படம் வரைந்து விளக்க ஆரம்பித்துவிடுவாள், கேட்டவர் தப்பிக்க முடியாது. நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயிருக்குத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், வேண்டும். அது குறைந்தால் இலை மஞ்சளாகும், கதிர் சூம்பிப் போகும். அதனால் யூரியாவை மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறோம். கொட்டுவதில் பெரும்பங்கு செடியின் வாய்க்கே போவதில்லை. கொஞ்சம் மழையில் கரைந்து கிணற்றுக்கும் ஆற்றுக்கும் போகிறது, கொஞ்சம் காற்றோடு போகிறது. காசும் போச்சு, தண்ணீரும் கெட்டது.

"கொஞ்சமா குடுத்தாலும் சிந்தாம சிதறாம சாப்பிட்டுட்டு, கதிர் மட்டும் நல்லா விடணும். அப்படி ஒரு செடி வேணும் அண்ணி" என்பாள் குட்டி.

"உங்க அண்ணனுக்கு நேர் எதிரா ஒண்ணு வேணும்னு சொல்லு" என்பேன் நான். என் வீட்டுக்காரர் சட்டையில் உதிர்ந்த ரொட்டித் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஒன்றும் காதில் விழாதவர் போல எழுந்து கை கழுவப் போவார்.

அந்தச் செடியைத் தேடுவதற்கென்றே நிலையத்தின் கடைக்கோடியில் ஒரு வயலைப் பட்டினி போட்டு வைத்திருந்தாள். பல பருவங்களாக உரமே போடாமல் பயிரை மட்டும் எடுத்து எடுத்து மண்ணை வற்ற வைத்திருந்தாள். அதற்குப் பெயரே பட்டினி வயல். இந்தப் பருவம் அதில் முப்பது ரகங்கள். ஒவ்வொன்றிலும் கைப்பிடி விதைதான் இருந்தது, அதனால் ரகத்துக்கு ஒரே ஒரு பாத்தி. வழக்கமாக ஒரே ரகத்தை மூன்று நான்கு இடங்களில் கலைத்துப் போட்டு நடுவார்கள். ஓரிடத்து மண் பொய் சொன்னாலும் மற்ற இடங்கள் காட்டிக் கொடுத்துவிடும். இந்த முறை அதற்கு வழியில்லாமல் போனது.

முப்பதில் இருபத்தொன்பது பாத்திகள் மஞ்சள் காமாலை வந்தது போல நின்றன. மூலையில், பழைய பம்பு அறையின் சுவரை ஒட்டி இருந்த பதினேழாம் பாத்தி மட்டும் கருகருவென்று, இலை இலையாக விரிந்து, ஆள் உயரத்துக்கு மேல் போய்விட்டது. அதைப் பார்த்த அன்று குட்டி வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் ஒரு சுற்றுச் சுற்றினாள். நான் கரண்டியோடு சுற்றினேன். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப காலம் ஆகியிருந்தது. அவளுடைய கல்யாணம் முறிந்த பிறகு அப்படி ஒரு சிரிப்பு எங்கள் வீட்டில் கேட்கவே இல்லை. அன்று அந்தச் செடியை நானும் மனசார வாழ்த்தினேன்.

நிலையத்தின் இயக்குநருக்கும் பதினேழின் மேல் காதல் வந்துவிட்டது. பத்திரிகைக்காரர்களை அழைத்து வந்து, பாத்தியின் நடுவில் நின்று, ஓர் இலையைக் குழந்தையின் கன்னம் போலத் தடவியபடி படம் எடுத்துக்கொண்டார். "இந்த மண்ணோட வாசனையே தனி" என்று மூச்சை இழுத்து வேறு விட்டார். அந்தப் படம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. மனசு சரியில்லாத நாளில் எடுத்துப் பார்ப்பேன்.

குட்டியின் வேலை நிரந்தரம் கிடையாது. திட்டம் இருக்கிற வரைதான் சம்பளம், திட்டம் இந்தப் பருவத்தோடு முடிகிறது. மேலும் மூன்று வருஷம் நீட்டலாமா, மூடிவிடலாமா என்று முடிவு செய்ய வெளியிலிருந்து மூன்று பேர் குழு வரப்போகிறது. மூடிவிட்டால் அத்தனை வருஷம் சேர்த்த ரகங்கள் குளிர்பெட்டிக்குள் போகும், குட்டி வேலையில்லாமல் வீட்டோடு இருப்பாள். பதினேழு இருக்கிறவரை மூட மாட்டார்கள் என்று எல்லோரும் நம்பினோம்.

குழு வருவதற்குச் சில நாள் முன்பு பதினேழின் இலையைச் சோதித்தேன். தழைச்சத்து எக்கச்சக்கம். குட்டிக்குத் தலைகால் புரியவில்லை. எனக்குத்தான் உறுத்தியது. இலைக்குள் இவ்வளவு இருக்கிறதென்றால் மண் துடைத்து வைத்த தட்டு மாதிரி காலியாக இருக்க வேண்டும். சும்மா பார்ப்போமே என்று மண்ணையும் சோதித்தேன். சாப்பிட்டு முடித்தவன் தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. மறுபடி சோதித்தேன். அதே எண். மற்ற இருபத்தொன்பது பாத்திகளின் மண்ணையும் வரவழைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். அவையெல்லாம் சுத்தப் பட்டினி. பதினேழில் மட்டும் யாரோ கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! எவனோ வேண்டுமென்றே யூரியாவை வீசி என் குட்டியின் வாயில் மண்ணைப் போட்டிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று, மண் எடுக்கிற குழாயைத் தூக்கிக்கொண்டு நானே கிளம்பிவிட்டேன்.

பட்டினி வயலுக்கு அலுவலகத்திலிருந்து நடந்தால் கால் கெஞ்சும். மரம் கிடையாது, நிழல் கிடையாது. அங்கே களை எடுப்பது, கதிருக்குத் தாள் பை கட்டுவது எல்லாம் ஒரு பெண்கள் குழு. தினக்கூலிதான். அவர்களுக்குத் தலைவியாக ஒரு மேஸ்திரியம்மா. ஆள் ஒல்லி, குரல் மட்டும் வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கும். நான் போய் ஒவ்வொரு பாத்தியாகக் குழாயை இறக்கி மண் எடுப்பதுபோல் பாவனை செய்துகொண்டு, பதினேழுப் பக்கம் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தேகப்படும்படி ஒருத்தரும் வரவில்லை. அந்தப் பெண்கள் மட்டும் அவ்வப்போது ஒருத்தியும் இரண்டு பேருமாகச் சுவர்ப்பக்கம் போய் வந்தார்கள். அதை நான் கண்டுகொள்ளவே இல்லை.

கொண்டுபோன தண்ணீர் பாட்டிலை முழுக்கக் குடித்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்கே அவசரமாகிவிட்டது. சுற்றிப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம் முழங்கால் உயர மஞ்சள் செடிதான். மேஸ்திரியம்மாவிடம் போய்க் காதோடு காதாக, "இங்க எங்கம்மா போறது?" என்று கேட்டேன்.

அவள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, ஏதோ விருந்தாளியை உபசரிக்கிற மாதிரி என் கையைப் பிடித்தாள். "இதுக்கு ஏன்க்கா கூச்சப்படுறீங்க? வாங்க, பதினேழுக்குள்ள போயிடுங்க. அங்கதான் நல்ல மறைவு. நாங்க எல்லாருமே அங்கதான் ஒதுங்குவோம். நான் இப்படி நின்னு பார்த்துக்கறேன், யாரும் வரமாட்டாங்க."

போனேன். உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

அட கடவுளே! மூட்டையில் வருகிற யூரியாவும் மனிதர் உடம்பிலிருந்து போகிற யூரியாவும் ஒன்றேதான். இது எனக்குத் தெரியாததா? வருஷக்கணக்காக அதைத்தானே சோதிக்கிறேன். பருவத் தொடக்கத்தில் பம்பு அறைச் சுவர் அவர்களுக்கு மறைப்பாக இருந்திருக்கிறது. அதனால் ஓரத்துச் செடி செழித்திருக்கிறது. செழித்ததும் மறைப்பு கூடியது. மறைப்பு கூடியதும் எல்லோரும் அங்கேயே வர ஆரம்பித்தார்கள். வர வர இன்னும் செழித்தது. குட்டியின் அதிசயச் செடி இப்படித்தான் வளர்ந்திருக்கிறது. நானும் என் பங்கைச் செலுத்திவிட்டு எழுந்து வந்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"என்னக்கா, முகமே மாறிப்போச்சு? பாம்பு கீம்பு பார்த்தீங்களா?" என்றாள் மேஸ்திரியம்மா.

"இல்லம்மா" என்றேன். "ஆபீஸ்ல டாய்லெட் இருக்கே, அங்க போறதில்லையா?"

"நல்லா கேட்டீங்க போங்க. அங்க போயிட்டு வந்தா ஒரு பாத்தி களை நின்னுடும். போன வருஷம் எங்க ஆளு ஒருத்தி, உடம்பு சரியில்லாத பொண்ணு, தாங்க முடியாம போயிட்டா. ஸ்டாஃப் டாய்லெட்டுக்கு நீ எப்படி வரலாம்னு இயக்குநர் அன்னிக்கே அவளை நிறுத்திட்டார். அதுக்கப்புறம் சாவியே கண்ணுல படறதில்ல."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் குறைகூடத் தொனிக்கவில்லை. வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னாள். அதே டாய்லெட்டுக்கு நான் தினமும் போகிறேன். சாவி எங்கே தொங்குகிறது என்பதுகூட எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் வைத்துக் குட்டியிடம் சொன்னேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது, நேரடியாகப் போட்டு உடைத்துவிட்டேன். அவள் முதலில் என்னை முறைத்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். இயக்குநர் மூச்சை இழுத்து விட்டதை நினைத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், நானும் சேர்ந்துகொண்டேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னாச்சு, யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்றார். நான் கையசைத்து அவரைப் போகச் சொன்னேன்.

"குட்டி, இங்க பாரு" என்றேன். "இது உனக்கும் எனக்கும்தான் தெரியும். குழு வரட்டும், பார்க்கட்டும், போகட்டும். திட்டத்தை நீட்டட்டும். அப்புறம் அடுத்த பருவம் ஒழுங்கா நட்டு, பதினேழு சரிப்படலைன்னு நீயே எழுதிடு. யார் குடி முழுகிடப் போகுது?"

அவள் தலையைத் தூக்கவில்லை. "அண்ணி, அவங்க பதினேழைப் பார்த்துட்டு பணம் குடுப்பாங்க. அது பதினேழே இல்லையே."

"அப்ப உள்ளதைச் சொல்லப் போறியா? சொன்னா அந்தப் பொம்பளைங்க கதி என்ன? டாய்லெட்டுக்குப் போனவளையே நிறுத்தின ஆளு. ஆராய்ச்சியைக் கெடுத்தீங்கன்னு மொத்தப் பேரையும் துரத்திடுவார்."

"தெரியும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "யூரியா சிந்திடுச்சு, நான் கவனிக்கலைன்னு சொல்லிடறேன்."

"பைத்தியமா உனக்கு? உன் வேலை போயிடும்டி!"

"போகட்டும். எனக்கு அண்ணனும் நீங்களும் இருக்கீங்க, மூணு வேளை சாப்பாடு எப்படியும் போடுவீங்க. அவங்களுக்கு யார் இருக்கா?"

அவளோடு சண்டை போட்டேன். திட்டினேன். தட்டை டங்கென்று வைத்தேன். எதற்கும் அவள் மசியவில்லை. படுக்கப் போன பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. பக்கத்தில் படுத்திருந்தவரிடம், "உங்க தங்கச்சிக்கு இவ்வளவு நல்ல மனசு ஆகாது" என்று எரிந்து விழுந்தேன். அவர், "நீ வளர்த்த பொண்ணுதானே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

குழு வந்தது. ஒரு தடித்த மனிதர், அவர் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே வந்தார். ஓர் இளைஞர், அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வயதான ஓர் அம்மா, கறுப்புக் கண்ணாடி போட்டு, பேசாமல் வந்தார். இயக்குநர் மற்ற பாத்திகளை ஏறெடுத்தும் பார்க்க விடாமல் நேரே அவர்களைப் பதினேழுக்கு ஓட்டிக்கொண்டு போனார். குட்டியும் நானும் பின்னால் நடந்தோம். பெண்கள் இரண்டு பாத்தி தள்ளிக் களை கொத்திக்கொண்டிருந்தார்கள்.

"பட்டினி மண்ணுல இப்படி ஒரு பயிர்! இதுதான் சார் எங்க டாக்டரோட சாதனை" என்றார் இயக்குநர். தடித்த மனிதர் படம் எடுத்தார்.

குட்டி ஒரு அடி முன்னால் வந்தாள். "மன்னிக்கணும் சார். இந்தப் பாத்தியைக் கணக்குல சேர்க்க வேண்டாம். இதுக்குத் தழைச்சத்து வெளியிலேர்ந்து கிடைச்சிருக்கு. மண் சோதனையில தெரிஞ்சுடுச்சு."

இயக்குநர் முகம் சுண்டிப் போனது. "வெளியிலேர்ந்துன்னா? எப்படி?"

"யூரியா சிந்தியிருக்கு. நான் பார்க்காம விட்டுட்டேன். என் கவனக்குறைவுதான்."

தடித்த மனிதர் செல்போனைப் பைக்குள் போட்டார். "என்னம்மா இது? இத்தனை வருஷம் நடத்துற வயல்ல ஒரு மூட்டை யூரியாவைக் காபந்து பண்ணத் தெரியல. உங்களை நம்பி இன்னும் மூணு வருஷம் எப்படிக் குடுக்கறது?"

குட்டி தலை குனிந்து நின்றாள். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது, வாயைத் திறக்கப் போனேன். அவள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது அவளை அவள் அப்பா திட்டும்போதெல்லாம் இப்படித்தான் என் புடவையைப் பிடித்துக்கொள்வாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் மண்வெட்டிச் சத்தம் நின்றுபோயிருந்ததைக் கவனித்தேன்.

மேஸ்திரியம்மா வரப்பு மேல் ஏறி வந்தாள். இயக்குநர், "ஏம்மா, வேலையைப் பாரு, போ" என்றார். அவள் போகவில்லை.

"டாக்டரம்மா சொல்றது பொய்ங்க" என்றாள். "யூரியாவும் சிந்தல, ஒண்ணும் சிந்தல. அந்தப் பாத்தியில நாங்கதான் ஒதுங்குவோம். விதை போட்ட நாள்லேர்ந்து அங்கதான். அதுதான் இப்படி வளர்ந்து கிடக்கு. முந்தாநேத்து லேப் அக்கா என்கிட்ட முகம் மாறிப்போய் டாய்லெட்டைப் பத்திக் கேட்கும்போதே எனக்குச் சந்தேகம். இப்ப இவங்க எங்களுக்காகத் திட்டு வாங்குறதைப் பார்த்துட்டு சும்மா நிக்க முடியல."

படத்தில் விழுவதற்காகப் பாத்தியின் உள்ளே போய் நின்றிருந்த இளைஞர் மெதுவாக வெளியே வந்து, செருப்பை வரப்பில் தேய்த்துக்கொண்டார்.

"அசிங்கமா பேசாதேம்மா!" என்று கத்தினார் இயக்குநர். "யார் முன்னால என்ன பேசறதுன்னு இல்லையா?"

"பேசினாத்தான் அசிங்கமா சார்? காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அடக்கிட்டு வேலை செஞ்சா அது அழகா? தண்ணி குடிக்கப் பயந்துக்கிட்டு வேலை செய்றோம் நாங்க. வேலையை விட்டு நிறுத்தணும்னா நிறுத்திக்கோங்க. அந்தம்மாவை ஒண்ணும் சொல்லாதீங்க." கடைசி வார்த்தைகளில் அவள் குரல் உடைந்தது. அந்தக் குரல் உடையும் என்று நான் நினைத்ததே இல்லை.

கறுப்புக் கண்ணாடி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். இயக்குநரிடம் திரும்பி, ரொம்ப சாதாரணமாகக் கேட்டார். "இங்க பக்கத்துல டாய்லெட் எங்க இருக்கு?"

"ஆபீஸ்ல இருக்கு மேடம். இதோ வண்டியை வரச் சொல்றேன்."

"வண்டி இல்லாதவங்க?"

இயக்குநர் செல்போனில் டிரைவரின் எண்ணைத் தேட ஆரம்பித்தார். அவ்வளவுதான், அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. குட்டி இழுத்த புடவையை உருவிக்கொண்டு முன்னால் போனேன். "மேடம், நான் மண் சோதிக்கிறவ. முப்பது பாத்தி மண்ணையும் சோதிச்சாச்சு. மத்த இருபத்தொம்பதும் சுத்தமா இருக்கு, இவ பட்ட பாடு வீண் போகல. இந்த ஒண்ணுதான் கெட்டது. இதைக் கண்டுபிடிச்சதும் நாங்கதான், வேற யாரும் வந்து சொல்லல. மூடி மறைச்சிருந்தா நீங்க இந்நேரம் கை தட்டிட்டுப் போயிருப்பீங்க. மறைக்கச் சொன்னவ நான். மாட்டேன்னவ இவ." என் குரல் கீச்சிட்டது. பரவாயில்லை, கீச்சிடட்டும் என்று பேசினேன்.

"பதினேழு கெட்டது இல்ல அண்ணி" என்றாள் குட்டி பின்னாலிருந்து, மெதுவாக. பிறகு அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "அது நல்ல ரகமா, இல்லையான்னு எங்களுக்கு இன்னும் தெரியாது மேடம். பட்டினி கிடந்தா அது என்ன பண்ணும்னு இன்னும் பார்க்கவே இல்ல. ஆனா இப்ப விதை நிறைய கிடைக்கும். அடுத்த தடவை நாலு இடத்துல போட்டுப் பார்க்கலாம். அடுத்த தடவைன்னு ஒண்ணு இருந்தா."

மூன்று பேரும் வண்டி பக்கம் போய் நின்று பேசினார்கள். தடித்த மனிதர் கையை ஆட்டி ஆட்டி மறுத்தது எங்களுக்குத் தெரிந்தது. அந்த அம்மா கையை ஆட்டவில்லை, விடவும் இல்லை. கடைசியில் அவரே எங்களிடம் நடந்து வந்தார்.

"மூணு வருஷம் கிடையாது" என்றார். குட்டியின் விரல்கள் என் விரல்களை நசுக்கின. "ஒரு பருவம் தர்றோம். தன்னோட நல்ல பாத்தியைத் தானே வேண்டாம்னு தள்ளுறவங்க குடுக்கிற மத்த எண்ணை நான் நம்புவேன். ஆனா ஒரு நிபந்தனை. இங்க வேலை செய்றவங்களுக்கு இந்த வயல் பக்கத்துல டாய்லெட் கட்டி முடிக்காம ஒரு விதைகூட மண்ணுல விழக்கூடாது. அதை நான் எழுதிடறேன்." இயக்குநரைப் பார்த்தார். "அப்புறம், இன்னிக்கு இங்க இருக்கிற ஆளுங்கதான் அடுத்த பருவமும் வேலை செய்யணும். வயல் பழகின கைங்க மாறினா சோதனை கெட்டுப்போகும். இல்லையா?"

"ஆமாம் மேடம்" என்றார் இயக்குநர். வேறு என்ன சொல்வார்?

வண்டி கிளம்பிப் போன பிறகு குட்டி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருஷம் கேட்டவளுக்கு ஒரு பருவம் கிடைத்திருக்கிறது. பதினேழு தோற்றால் எல்லாம் முடிந்தது. சந்தோஷப்படுவதா துக்கப்படுவதா என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இருவரும் அழுதோம். தூசி விழுந்தது, வெயில் அடித்தது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அழுதோம்.

மேஸ்திரியம்மா வந்து எதிரே நின்றாள். மற்ற பெண்கள் அவளுக்குப் பின்னால் நின்றார்கள்.

"எங்க மேல கோபமா டாக்டரம்மா? இத்தனை நாள் உழைப்பு. எங்களுக்கு இது தெரியாதும்மா. உங்க பாத்தின்னு தெரியும், இப்படி ஆகும்னு தெரியாது."

குட்டி தலையை ஆட்டினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்க மேல எனக்கென்ன கோபம்? தினமும் இந்த வயலுக்கு வர்றேன். ஒவ்வொரு செடிக்கும் என்ன குறைன்னு இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கறேன். நீங்க எங்க போறீங்கன்னு ஒரு நாள்கூட யோசிக்கல மேஸ்திரியம்மா. நானும் ஒரு பொம்பளை." பிறகு நிமிர்ந்து அவர்களைப் பார்த்துக் கேட்டாள். "இன்னும் என்னென்ன கஷ்டம் இருக்கு இங்க? எனக்குத் தெரியாம?"

மேஸ்திரியம்மா திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவள் தலைமேல் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து வரப்பில் விரித்து, குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மற்ற பெண்களும் ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்தார்கள்.

"அக்கா, நீங்களும் உக்காருங்க" என்றாள் என்னைப் பார்த்து. "சொல்லி முடிக்க நேரமாகும்."